ஒன்பது பேருக்கும் ஒரே முகம்

கணவரின் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது பம்பரத்தின் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேஜைக்கு அடியில்தானே ஆடுகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவள் நினைத்திருந்தாள். மேஜைமேல் அடுக்கியிருந்த டம்ளர்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. சூப் குடிக்க வந்த பஸ் டிரைவர் ஒருவர், "என்னம்மா, கீழ ஏதாவது மோட்டார் ஓடுதா?" என்று கேட்டுவிட்டார். கடையே சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள், ஆனால் கால் நிற்கவில்லை.

பம்பரம் என்பது பட்டறையில் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு, அது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு டீயை முழுசாகக் குடித்தாள் என்று அவளைப் பற்றி யாரும் சாட்சி சொல்ல முடியாது. பாதியை உட்கார்ந்து குடிப்பாள், மீதியை நடந்துகொண்டே குடிப்பாள். பைபரில் பெரிய பெரிய உருவங்கள் செய்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவது அவள் பிழைப்பு. நாற்சந்தியில் ஆளுயரக் கெட்டில் நிற்கும். ரயில் நிலைய வாசலில் குடை பிடித்த மீன் நிற்கும். ஏதோ ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் ஒரு மாலுமி கால்மேல் கால் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களுக்குக் கையாட்டுவான். "இதையெல்லாம் யாரு வேலையத்துப்போய் உக்காந்து செய்யறாங்க?" என்று ஜனங்கள் கேட்பார்கள். செய்கிறவள் இவள்தான். உட்கார்ந்து செய்கிறாள் என்பதுதான் தப்பு.

வேலைக்காக ஓர் ஊரில் இறங்கினால் அவளுக்கு இரண்டு காரியம் ஆகியாக வேண்டும். முதலில் சாப்பாட்டுக் கடை. படம் போட்ட மெனுவை வாசலிலேயே நீட்டுகிற கடைக்குள் அவள் கால் வைக்க மாட்டாள். லாரி டிரைவர்களும் ஷிப்ட் முடிந்த நர்ஸுகளும் எந்தச் சந்துக்குள் வேகமாக நுழைகிறார்களோ, அவர்கள் பின்னாலேயே போவாள். அடுக்களைக் கதவை ஒட்டின மேஜைதான் வேண்டும். பாஷை தெரியாத தேசமாக இருந்தாலும் கவலை கிடையாது. பக்கத்து ஆளின் தட்டைப் பார்த்து விரலை நீட்டிவிடுவாள். அப்படி நீட்டி, கை கழுவக் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரை ஆர்டர் செய்து குடித்த கதையும் உண்டு.

வயிறு நிறைந்ததும் இரண்டாவது காரியம். அந்த ஊரில் வேறு யார் என்ன கிறுக்குத்தனம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டை கட்டிய நத்தையைப் பார்த்திருக்கிறாள். சுவரிலிருந்து பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டு முழிக்கிற குதிரையைப் பார்த்திருக்கிறாள். ஆள் உட்கார்ந்தால் முனகுகிற பெஞ்சில் உட்கார்ந்து, அது முனகுவதற்குள் எழுந்தும் இருக்கிறாள். "சிலையைப் பாத்தா நகராட்சிக்கு என்ன ஆசைன்னு தெரியும். சாப்பாட்டுக் கடையைப் பாத்தா ஜனங்களுக்கு என்ன ஆசைன்னு தெரியும். ரெண்டையும் பாத்தாச்சா, கிளம்பிடலாம்" என்பாள். சொல்லிவிட்டுக் கிளம்பியும் விடுவாள்.

அவள் கணவர் சமையல்காரர். ஆஸ்பத்திரி கேன்டீனில் நோயாளிகளுக்குக் கஞ்சியும் டாக்டர்களுக்கு முட்டையுமாகக் காலம் தள்ளியவர். அவருக்கும் பிரயாணத்துக்கும் ஏழாம் பொருத்தம். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போவதென்றால்கூட முதல் நாளே வயிறு கலங்கும். போய்ச் சேர்ந்தால் திரும்பி வருகிற பஸ் எப்போது என்று விசாரிப்பார். இப்படி ஒரு ஆணியையும் அப்படி ஒரு பம்பரத்தையும் சேர்த்து வைத்த தரகர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டதாகக் கேள்வி.

ஆனால் அந்த ஆணித்தனம்தான் அவளுக்கு முதலில் கைகொடுத்தது. கல்யாணமான புதிதில் சிலைகளுக்கு ஒரு முகத்தின் அச்சு தேவைப்பட்டது. மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழாயைச் செருகி, முகம் முழுக்கப் பிளாஸ்டரைக் குழைத்துப் பூசுவாள். அது இறுகும்வரை ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். பட்டறையில் எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்ட ஒருவன் பாதியில் தும்மி, கூரைவரை தெறிக்கவிட்டான். கடைசியில் கணவர் படுத்தார். பிளாஸ்டரைப் பிரித்தபோது மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மாலுமிக்கும் அவர் முகம், தபால்காரருக்கும் அவர் முகம். ரயில் பாதையைத் தாண்டாத மனிதர் எந்தெந்த ஊர்ச் சந்தியிலோ தொப்பி மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். அந்த அச்சு எப்போதோ உடைந்துபோய்விட்டது. அதற்கப்புறம் களிமண்ணில் கையாலேயே முகம் பிடித்தாள். மாடி வீட்டில் இருந்த நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, வாய்க்கு வாய் இதைச் சொல்லிக் காட்டுவார்: "ஊரெல்லாம் என் தம்பி நிக்கறான். வீட்டுல அவன் பொண்டாட்டிதான் நிக்கமாட்டேங்கறா."

ஒரே மகள். அம்மாவைக் கொண்டு பிறந்தவள், படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது என்று தூரத்து ஊருக்குப் பறந்துவிட்டாள். அதே சமயத்தில் ஆஸ்பத்திரி கேன்டீனும் வேறு யாரோ ஒருவருக்குக் கைமாறிப்போனது. சமையல்காரர் கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு, தெருமுனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போடப்போவதாகச் சொன்னார். சூப், வறுத்த மீன், முட்டை, ரொட்டி, அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ கல்லாவுல இருக்கணும். ஒரே ஒரு வருஷம். என்கூட இரு. அதுக்கப்புறம் எங்க வேணா போ, நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

அவர் அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை. அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. கையிலிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான், வெளிநாட்டுத் துறைமுக ஊர் ஒன்றுக்கு ஒன்பது உருவங்கள். சந்தை வாசலில் ஒன்பது குடிமக்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதுபோல வேண்டும் என்று அந்த ஊர் நகராட்சி கேட்டிருந்தது. அதை அவசர அவசரமாக முடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டுக் கல்லாவில் வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாளே தவிர இருப்புக்கொள்ளவில்லை. அறையின் நாலு சுவரும் இரண்டே நாளில் மனப்பாடமாகிவிட்டன. மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு விரிசல், கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி, கண்ணாடியில் தெரிகிற அதே விரிசல். சில்லறையை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில்கூட வாசலில் போகிற லாரி எந்த ஊர் வண்டி என்று எட்டிப்பார்ப்பாள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும், "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று நழுவிவிடுவாள். பால் வாங்கிக்கொண்டுதான் வருவாள், ஆனால் ஊரைச் சுற்றிக்கொண்டு. பிறந்து வளர்ந்த ஊரில் இத்தனை சாப்பாட்டுக் கடைகள் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் நாலே ஸ்டூல் போட்டு ஒரு கடை. கோர்ட்டுக்குப் பின்னால், வக்கீல்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிற ஒரு கடை. எதையும் விடவில்லை. அதோடு விட்டால் பரவாயில்லை, திரும்பி வந்து வாய் வேறு ஓயாது.

"என்னங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒருத்தன் மீன் வறுக்கறான் பாருங்க, என்ன மாதிரி மொறுமொறுன்னு!"

சமையல்காரர் அன்று முழுக்க மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாத்தனார் வந்து, "கடைக்காரன் பொண்டாட்டியே போட்டிக் கடையில சாப்பிட்டா நாலு பேரு இங்க எப்படிடி வருவாங்க?" என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டுப் போனார். அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். பரிகாரமாகக் கடை வாசலுக்கு ஓர் உருவம் செய்து வைத்தாள், ஏப்ரன் கட்டிக்கொண்டு கொட்டாவி விடுகிற ராட்சத முட்டை. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், முட்டையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள்.

இப்படி அரை வருஷம் ஓடியிருக்கும். ஒருநாள் பட்டறையிலிருந்து வெல்டர் வந்தான். அவளோடு கூடவே ஊர் சுற்றி இரும்புச் சட்டம் பற்றவைக்கிறவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கல்லாவுக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். துறைமுக ஊரிலிருந்து நகராட்சி அதிகாரியம்மா செய்தி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வீடியோ. திறப்பு விழா அன்று, துணியை விலக்கியதும் சந்தை ஜனங்கள் கை தட்டினார்களாம். பிறகு மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், 'ஒன்பதும் ஒரு வயித்துப் பிள்ளைங்களா?' என்று கேட்டாளாம். அதோடு தொலைந்தது. வீடியோவில் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

பம்பரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒருவனுக்கு மீசை, ஒருவனுக்குக் கண்ணாடி, ஒருவனுக்கு வழுக்கை. கூடை வைத்திருக்கிற மூன்று பெண்களுக்குக் கொண்டையும் தோடும். இரண்டு தோட்டுக்கும் இடையில் அதே அகலமான மூக்கு, அதே தூக்கக் கண், நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்த அதே மோவாய். ஒன்பது பேரும் அவள் கணவர்தான்.

"ஏன்டா, நீ கூடத்தானே இருந்த? சொல்லமாட்டியா?"

"நீங்க தெரிஞ்சேதான் பண்றீங்கன்னு நெனச்சேன்க்கா. எப்பவும் மாமா முகம்தானே? ஒம்பது மாமாவைப் பாத்ததும், சரி, அக்காவுக்கு ஒம்பது மடங்கு பாசம்னு விட்டுட்டேன்."

"பாசம்! அவங்க ஒம்பது வேற வேற ஜனங்க கேட்டாங்கடா!"

ஒப்பந்தப்படி முகங்களை அவளே வந்து மாற்றித்தர வேண்டும். இல்லையென்றால் ஒன்பதையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அதோடு அவள் பெயரும் போய்விடும். முகத்தைப் பற்றவைத்து மாற்ற முடியாது, வெல்டரை அனுப்பிப் பிரயோஜனமில்லை. இதெல்லாம் நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று குறுகுறுத்தது. போகலாம், போயே ஆகவேண்டும் என்று மனசு ஒரு பக்கம் துள்ளியது. அந்தத் துள்ளலைக் கணவர் முகத்துக்கு நேரே எப்படி மறைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மறைக்க முடியவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சமையல்காரர் வீடியோவைக்கூடப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"சந்தோஷமா இருக்க போல."

"ஐயோ, இல்லீங்க..."

"அரை வருஷமா கல்லாவுல பாக்காத முகம் இது. ஒரு வருஷம்தான் கேட்டேன். ஒரு வருஷம் ஒரு மனுஷனோட இருக்க முடியலன்னா, அவன் என்ன அவ்வளவு கசப்பா?"

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.  இல்லை, உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நாற்காலிதான் ஆகவில்லை என்று சொல்ல நினைத்தாள். அது அவருக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தார். வீடியோவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொண்டை போட்ட தம்பியைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: "நீயும் கூடப் போடா. மாத்தப்போறது உன் மூஞ்சியை. நீ இல்லாம எப்படி? கடையை நான் பாத்துக்கறேன். சூப் வைக்கறது என்ன பெரிய வித்தையா?"

சமையல்காரர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று இன்றுவரை பம்பரத்துக்குத் தெரியாது. விமானத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவர், இறங்கிய பிறகும் விரல்களை விரிக்கவில்லை.

அந்த ஊரில் தூறல் விட்டபாடில்லை. சந்தைக்கு முன்னால் கல் பாவிய சதுக்கம், அதன் ஓரத்தில் மூடிக்கிடக்கிற ஒரு சாப்பாட்டுக் கடை ஜன்னல், ஜன்னலைப் பார்த்தபடி ஒன்பது பேர். சமையல்காரர் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக வரிசையோடு நடந்துபோய், கொண்டை போட்ட ஒருத்தியின் முன்னால் நின்று, தோட்டைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் மூட்டை தூக்குகிற ஒருவன் அவரைக் கண்டுகொண்டான். அவன் போட்ட கூச்சலில் சந்தையே வெளியே வந்துவிட்டது. அவரை இழுத்து வரிசையில் பத்தாவது ஆளாக நிறுத்திப் படம் எடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள், பெயர் கேட்டார்கள். வெட்கத்தில் அவர் மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பம்பரத்துக்கோ கால் தரையில் படவில்லை. வந்த அன்றே சந்தைக்கு எதிரே ஒரு கடையைக் கண்டுபிடித்துவிட்டாள். நாலு படி இறங்கினால் தாழ்வான அறை, நீளப் பெஞ்சுகள், கல்லாவிலும் அடுப்பிலும் ஒரே அம்மாள். இரண்டு நாளில் அந்த அம்மாள் இவளைப் பார்த்ததும் அடுக்களைக் கதவோர மேஜையைத் துடைத்துவைக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது நாள் இருவரும், ஆளுக்கொரு பாஷையில், உருளைக்கிழங்கை எவ்வளவு வேகவைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் கணவரை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். பாலத்துக்கு அடியில் குடை விரித்தபடி தலைகீழாகத் தொங்குகிற வெண்கல மனிதனைக் காட்டினாள். தபால் பெட்டிக்குள்ளிருந்து கை நீட்டுகிற பொம்மையோடு கைகுலுக்க வைத்தாள். அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளைக் கிளம்பும்போது பார்த்திருக்கிறார், திரும்பி வரும்போது பார்த்திருக்கிறார். நடுவில் அவள் எப்படி இருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

வேலைதான் கழுத்தை அறுத்தது. சந்தை ஆட்களின் போட்டோக்களைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, முதல் ஆளின் மூக்கை கிரைண்டரால் தேய்த்தாள். வெள்ளைப் புழுதி பறந்தது. சமையல்காரர் கொஞ்ச நேரம் தன் மூக்கு போவதைப் பார்த்தார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று நகர்ந்துவிட்டார். பட்டிப் பசை வைத்துப் புது மூக்கு பிடித்தாள், கன்னத்தை ஒடுக்கினாள், மோவாயை நீட்டினாள். சாயங்காலம் அதிகாரியம்மா வந்து பார்த்தார். நல்ல மனுஷி, முகத்தில் அடித்தாற்போல் எதையும் சொல்ல மாட்டார். இந்தத் தடவை ஒன்றுவிட்ட தம்பிபோல இருக்கிறது என்று போனில் தட்டி, மொழிபெயர்த்துக் காட்டினார்.

அடுத்த நாளும் அதே கதை. போட்டோவைப் பார்த்துக்கொண்டேதான் செய்தாள். கண் போட்டோவில் இருந்தது, கை தன்பாட்டுக்குப் பழைய வழியிலேயே போனது. எத்தனை நாட்டில் எத்தனை ஆயிரம் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், கைக்குத் தெரிந்தது இந்த ஒரு முகம்தானா? அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பட்டி தேய்க்கும் தகட்டைத் தூக்கி எறிந்தாள். அப்புறம் பயம் வந்தது.

ஒரே வழிதான் மிச்சம். ஆட்களை நேரிலேயே படுக்கவைத்து அச்சு எடுக்க வேண்டும். சந்தைக்குப் பின்னால் ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கடை அம்மாள் முதலில் படுத்தார். பிளாஸ்டர் கன்னத்தில் பட்டதுமே கெக்கெக்கே என்று சிரித்துக் காரியத்தைக் கெடுத்தார். மூட்டை தூக்குகிறவன் மூச்சு முட்டுகிறது என்று உறிஞ்சுகுழாயைப் பிடுங்கிப்போட்டு ஓடினான். மீன் விற்கிற அம்மாளுக்குக் கை கால் எல்லாம் உதறியது. பிளாஸ்டர் பூசிய கையோடு பம்பரம் நடு அறையில் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு மனுஷன் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு, இன்னொருத்தியை நம்பி, இறுகும்வரை அசையாமல் கிடப்பது லேசான காரியமில்லை. அவர் சோம்பேறித்தனத்தில் தூங்கிவிட்டார் என்றுதான் அவள் இத்தனை நாளும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த சமையல்காரர் எழுந்து வந்தார்.  மீன்கார அம்மாளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மாளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுக்கப் போகிற இடத்தில் பழகியிருப்பார்போல. உதறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "பூசு," என்றார் மனைவியிடம்.

அப்படியே மூட்டைக்காரனும் அடங்கினான், கடைக்கார அம்மாளும் அடங்கினார். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. கையைப் பிடித்துக்கொண்டு அவர் பாட்டுக்குத் தம் பாஷையில், சூப்புக்கு எலும்பை எப்படி வறுப்பது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். பம்பரம் பூசினாள். அவளுக்குக் கண்ணில் நீர் திரண்டது, துடைக்கக் கை ஒழியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக முகங்கள் மாற ஆரம்பித்தன.

எட்டு முகம் முடிந்திருந்தபோது ஊரிலிருந்து நாத்தனார் போன் செய்தார். சூப்பில் உப்பு அதிகம் என்று சொன்ன பஸ் டிரைவரை அந்த அம்மாள் கரண்டியோடு தெருவரை துரத்தியிருக்கிறார். இனி ஒரு நாளும் தாங்காது, கடை மிஞ்ச வேண்டுமென்றால் உடனே வா என்று உத்தரவு. சமையல்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது, மறைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை.

அவளுக்குக் கடைசி முகம் பாக்கி இருந்ததால் அவர் மட்டும் கிளம்பினார். அன்று காலை, விமான நிலையத்துக்குப் போகிற பஸ் வரும் இடத்தில் இருவரும் நின்றார்கள். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"கடையை உங்க அக்காகிட்டயே விட்டுடலாங்க. நீங்க என்கூடவே வந்துடுங்க. எங்க வேலை வந்தாலும் ரெண்டு பேரும் போவோம். நீங்க கையைப் பிடிங்க, நான் அச்சு எடுக்கறேன். எவ்வளவு நல்லா இருக்கும்! எனக்குக் கல்லாவுல உக்கார முடியலங்க. முயற்சி பண்ணினேன். சத்தியமா முடியல."

"தெரியும். டம்ளர் ஆடறதை நான் பாக்கலையா? போன வாரமே அக்காகிட்ட சொல்லிட்டேன், கல்லாவுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லி. அந்த ஒரு வருஷக் கணக்கை விடு."

"அப்ப வருவீங்களா?"

அவர் சாலையைப் பார்த்தார். பஸ் வந்துகொண்டிருந்தது.

"நானும் வந்துட்டா, நீ எங்க திரும்பி வருவ?"

அவள் பதில் யோசிப்பதற்குள் அவர் ஏறிவிட்டார். ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் அவர் கை மட்டும் ஒருதரம் தெரிந்தது. பஸ் திரும்பி மறைந்தது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறியவள் அவள்தான், கீழே நின்றவர் அவர். நிற்கிறவருக்கு அடுத்தபடி என்ன வேலை என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தூறலில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும், "ஒண்ணுமில்ல. போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்றாள்.  அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லி, அவள் தலையாட்டிவிட்டுப் போகிற பேச்சு அது. எத்தனை ஊரில் இறங்கியதும் சாப்பாட்டுக் கடை தேடி ஓடி, அந்தப் போனை மறந்திருக்கிறாள். ஒருதரம் இரண்டு நாள் கழித்துப் பேசினாள், டை கட்டிய நத்தையைப் பற்றி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் இறங்கியிருக்க வேண்டும். பம்பரம் கிரைண்டரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அதன் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காமல் போய்விட்டால்? வரிசையில் கடைசி ஆளுக்கு மட்டும் இன்னும் அவர் முகம்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் போகவே இல்லை. எதிர்க்கடை அம்மாள் வாசலுக்கு வந்து கையால் சாப்பிடுவதுபோல் ஜாடை காட்டிக் கூப்பிட்டார். வரவில்லை என்று தலையை ஆட்டினாள். விமானம் இறங்கிவிட்டது என்று போனில் காட்டியது. வீட்டுக்குப் போகிற நேரமும் தாண்டிவிட்டது. வழியில் வயிறு கலங்கியிருக்குமோ, வண்டி மாறி ஏறியிருப்பாரோ, தனியாக இவ்வளவு தூரம் போயே பழக்கமில்லையே என்று என்னென்னவோ ஓடியது. சதுக்கத்தை எத்தனை சுற்று சுற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. மத்தியானமும் போயிற்று. பொறுக்க முடியாமல் அவளே கூப்பிட்டாள்.

ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ ரொட்டி கேட்கிற சத்தம், நாத்தனார் யாரையோ அதட்டுகிற சத்தம்.

"அடடா, மறந்தே போச்சு! வந்ததும் நேரா கடைக்குத்தான் வந்தேன். செம கூட்டம். அந்த டிரைவர்கூட வந்துட்டாரு." அவ்வளவு உற்சாகமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "நீ எப்படி இருக்க? சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க," என்றாள் பம்பரம். முதல் நாள் அவரை பஸ் ஏற்றிவிட்டதிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.